பரண் இருந்த அறை

நீ மேடையில் சொன்னது பொய். மறதியில் வந்த பொய் இல்லை, தெரிந்தே சொன்ன பொய்.

மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறேன். போன மாதம் நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். நரைத்த தலையும் வலிக்கிற முட்டியுமாக முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று, பொய் சொன்ன இவளை மட்டும் மேடையில் ஏற்றினார்கள். இவள் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கு சொன்னாள். நாளைக்கு வேலைக்குப் போய் வாடகை வீடு தேடுவீர்கள், சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று முதலில் பாருங்கள், அறையை அளந்துவிட்டுக் கட்டில் வாங்குங்கள், பீரோக் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றாள். எல்லாம் சரியான பேச்சு. அதோடு இறங்கியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

இறங்கவில்லை. சிரிக்க ஒரு கதை சொல்கிறேன் என்றாள். கொல்லிமலையிலிருந்து ஒரு குடும்பம் இவர்கள் வீட்டில் குடியிருக்க வந்ததாம். நீளம் பார்த்தார்களாம், அகலம் பார்த்தார்களாம், உயரத்தை மறந்துவிட்டார்களாம். தலைக்கு மேலே பரண் இருக்கும் என்று தாங்களே நினைத்துக்கொண்டு மூட்டை முடிச்சோடு வந்து, வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனார்களாம். "கணக்குல ஒரு அளவை விட்டா வாழ்க்கையே விட்டுப்போயிரும்" என்று முடித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அந்தக் குடும்பம் என் குடும்பம்.

அன்றைக்கே குழுவில் கேட்டேன். "பழைய கதை, விடு" என்று ஒருத்தி. சிரிக்கிற மூஞ்சிப் படம் ஒருவன். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நீளமாக இருந்தால் இருக்கட்டும். காலை வணக்கப் படம் ஆயிரம் பார்க்கிறீர்கள், இதையும் பாருங்கள்.

நான் ஐந்தாவது முடித்த கோடை. அக்கா எட்டாவது முடித்திருந்தாள். மேலே எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டும் என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். அக்கா படிக்கிறேன் என்றாள். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கீழ ஒரு ஊடு புடிக்கலாம். சின்னம்மா கூட இருக்கட்டும்" என்றார். சின்னம்மா என்பது அம்மாவின் தங்கை. புருஷனை விட்டு வந்தவள், எங்களோடுதான் இருந்தாள். அக்கா, நான், சின்னம்மா மூன்று பேரும் கீழே இருப்பது, அம்மாவும் அப்பாவும் மேலே காட்டைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

வீடு பார்க்க அப்பா என்னை மட்டும் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குக் கூட்டிப் போனார். அக்கா மாட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். வளைவுக்கு வளைவு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே என் வயதில் அவர் மகள் நின்று என் பாவாடையில் இருந்த வாந்திக் கறையைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். அது நீ.

தெருவைப் பார்த்த முன் அறையைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர். கிழக்கே ஜன்னல். மேலே சுவருக்குச் சுவர் பலகை போட்ட பரண்.

எங்கள் ஊர்க்காரனுக்கு வீடு என்றால் முதலில் பரண்தான். கீழே பாதி வீடு, மேலே பாதி வீடு. கேழ்வரகு, சாமை, விறகு, விதைக்கு வைத்த சுரைக்காய் எல்லாம் மேலே. கீழே அடுப்பும் ஆளும். பரண் இல்லாத இடத்தில் மாட்டைக்கூடக் கட்ட யோசிப்பான். அப்பா உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிப் பரண் பலகையைத் தொட்டார். விரலில் வந்த தூசியை வேட்டியில் துடைத்தார். "தடிச்ச பலகைங்க" என்றார். "தேக்குங்க. மூட்டை அடுக்குனாலும் அசையாதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் டேப்பு வைத்து அளந்தார். பன்னிரண்டுக்குப் பத்து அடி. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. மடியில் இருந்து நார்க்கயிறு ஒன்றை எடுத்தார். டேப்பு போன வழியிலேயே கயிற்றையும் ஓட்டி, நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, கதவுக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். கடைசியில் கயிற்றின் ஒரு நுனியைப் பரண் பலகையில் வைத்துப் பிடித்துக்கொண்டு மறு நுனியைக் கீழே விட்டார். அது காற்றில் ஆடியது. "அம்மிணி, அதைத் தரையில அமுத்திப் புடி சாமி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் வாசலில் குந்தி மறுபடி வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னார். நீ மண்டி போட்டு உட்கார்ந்து கயிற்றைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்தினாய். அந்த இடத்தில் அப்பா உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டார்.

பிறகு அவரும் வீட்டுக்காரரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். வீடு எங்களுக்கு என்று பேச்சு முடிந்தது.

அந்தக் கயிறு மலைக்கு வந்ததும் அக்கா கைக்குப் போனது. எங்கள் களத்தில் சாம்பலால் அந்த அறையை அப்படியே வரைந்தாள். முடிச்சுக்கு முடிச்சு வைத்து நாலு சுவர். கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று அப்பாவைக் கேட்டாள். உள்பக்கம் என்றதும் கயிற்றை ஒரு ஆணியில் மாட்டிக் கால் வட்டம் போட்டாள். "இதுக்குள்ள ஒரு சாமானும் வரக் கூடாது. கதவு இடிக்கும்" என்றாள். ஜன்னல் கிழக்கே என்றேன். அப்படியானால் அடுப்பு அந்த மூலையில், புகை அந்த வழியாகப் போகட்டும் என்றாள். மூன்று பாயை விரித்துப் பார்த்தாள். உயரத்துக்குப் போட்ட முடிச்சை வைத்து இரண்டு கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் கட்டினாள். அதுதான் பரண். அதன் மேல் தொம்பையை ஏற்றிப் பார்த்தார்கள். தொம்பை என்பது மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தானியக் கூடை, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. அதில் எத்தனை வள்ளம் கேழ்வரகு பிடிக்கும், மூன்று வாய்க்கு அது எந்த மாதம் வரை வரும் என்று குச்சியால் மண்ணில் போட்டுப் பார்த்து, "தைப் பொங்கலுக்குத் தள்ளி வரும். அப்புறம் ஒரு நடை கொண்டாந்தாப் போதும்" என்றாள்.

அந்தச் சாம்பல் கோட்டுக்குள்ளேயே சில நாள் நாங்கள் மூவரும் சாப்பிட்டோம், படுத்தோம். பழகிக்கொள்ள வேண்டும் என்று அக்கா கட்டளை. அம்மா களத்தைக் கூட்டப் போய்க் கோட்டைத் தாண்டினால், "சுவத்துல நடக்கறியேம்மா" என்று கத்துவாள். மாமன் அந்தப் பக்கம் போகும்போது ஒரு கோழி எங்கள் வீட்டுக்குள் வந்து பாயில் எச்சம் போட்டது. "ஏம்மிணி, இந்த ஊட்டுக்கு வாடகை ஆருக்குத் தரோணும்? கோழிக்கா?" என்றார் மாமன். அக்கா சிரிக்கவில்லை. பாயைத் துடைத்தபடி, "கதவைச் சாத்தாமப் போனது ஆரு?" என்று என்னைக் கேட்டாள்.

மேசை அவள் ஆசை. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மேசை கிடையாது. காற்றில் விழுந்த பலா மரம் ஒன்று கிடந்தது. பாய் மூன்றும் விரித்த பிறகு சுவரோரம் எவ்வளவு மிச்சம் என்று அக்கா பார்த்தாள். ஒன்றரை சாண்தான் மிச்சம். அந்த அளவுக்கே ஆசாரியிடம் செய்யச் சொன்னாள். நீளமாக, ஒல்லியாக, மஞ்சள் நிறத்தில் ஒரு மேசை வந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதன் மேல் ஏறிப் படுத்துப் பார்த்து, "கட்டில்னா இவ்வளவு ஒடுக்கமாவா செய்வாங்க?" என்றார். அந்த அறையில் அந்தச் சுவருக்கும் அந்தப் பாய்க்கும் நடுவே நிற்பதற்கென்றே செய்த மேசை. வேறு எங்கே போட்டாலும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

பள்ளி திறக்கும் வாரம் பலாப்பழ லாரியில் சாமான் ஏற்றினோம். பழத்தின் மேல் பாய், பாயின் மேல் நாங்கள், எங்கள் தலைக்கு மேல் மேசையின் கால்கள். தொம்பையை அப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் எங்கேயாவது பலாப்பழம் அறுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். அந்த வாசனை வந்தால் அன்றைய நாள் முழுக்க வந்துவிடும்.

இறங்கியதும் நான் முன் அறைக்கு ஓடினேன். உள்ளே நீலப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில். ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ. மின்விசிறி. யாரோ ஒரு பேங்க்காரரின் சட்டை கொடியில் தொங்கியது. பரணில் அவருடைய டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"பின்னாடி போயிரலாமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

பின்னால் இருந்தது வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கிய தகரக் கொட்டகை. புண்ணாக்கு மூட்டை போட்டு வைத்திருந்த இடம். எலி மூத்திர நாற்றம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. சுவரின் அடியில் குளியலறைச் சாக்கடை போனது. சுவர் பாதி வரைக்கும் ஊறி, தொட்டால் கையோடு வந்தது. கூரையின் தாழ்ந்த பக்கம் அப்பாவின் தோளுக்குத்தான் வந்தது. பரண் இல்லை. பரண் போட இடமும் இல்லை.

"அப்பா, இது இல்ல. நாம பார்த்தது முன்னாடி ரூம்பு" என்றேன்.

வீட்டுக்காரர் என் கன்னத்தைத் தட்டினார். "ரெண்டும் ஒரே அளவுதான் கண்ணு. பன்னெண்டுக்குப் பத்து. ஏனுங்க, டேப்பு வெச்சுக் காட்டட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் அப்பா.

இதை உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் பக்கம் தானியமோ நிலமோ ஒருவர் அளந்து, வெற்றிலை மாற்றியாகிவிட்டது என்றால் அவர் கண்ணெதிரே இன்னொரு தடவை அளக்க மாட்டோம். அளந்தால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு அவர் வாசலில் தண்ணீர் குடிக்க முடியாது. தப்பு செய்தவன் தானே வெட்கப்பட்டுத் திருத்துவான் என்று காத்திருப்பதுதான் வழக்கம். அப்பா காத்திருந்தார். உன் அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தோள் உயரக் கூரைக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டு, ஏமாற்றியவன் வெட்கப்படுவான் என்று காத்திருந்த என் அப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பாவம் என்று தோன்றவில்லை.

அக்கா உள்ளே வந்து நின்று மேலே பார்த்தாள். தலையைக் குனியவே இல்லை. பிறகு, "அப்பா, பரண் எங்க?" என்றாள்.

"பேசாம சாமானை எடுத்து வையி" என்றார்.

தொம்பையைத் தரையில் வைத்தால் மேசைக்கு இடமில்லை. மேசையைப் போட்டால் ஒரு பாய் போகும். விறகை வெளியே வைத்தால் நனையும், உள்ளே வைத்தால் கதவு திறக்காது. அக்கா அன்று மாலை முழுக்கச் சாமானை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வாசலில் வைத்த மேசையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். எந்தக் கணக்கும் அந்தக் கொட்டகைக்குள் அடங்கவில்லை. சின்னம்மா தொம்பையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். நீ ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து, "உக்காந்துட்டே தூங்கறாங்கம்மா" என்று உள்ளே சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அந்த வாரமே மழை பிடித்தது. தகரத்தின் வழியாக ஒழுகியது பாதி, சாக்கடை பொங்கி உள்ளே வந்தது பாதி. தொம்பையின் சாணப் பூச்சு ஊறிக் கரைந்தது. உள்ளே கேழ்வரகு சூடாகி முளை விட்டது. புளித்த வாடை. கையை விட்டால் வெதுவெதுவென்று கொழகொழத்தது. வெளியே எடுத்தால் விரலிடுக்கில் புழு நெளிந்தது. அதைத்தான் கழுவிக் கழுவிச் சின்னம்மா களி கிண்டினாள். நான் தின்றேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றீர்களே, சில பேருக்கு ஞாபகம் இருக்கும். நாற்றம் என்னுடையது இல்லை. அவள் வீட்டுச் சாக்கடையுடையது.

சந்தை நாளில் அப்பா வந்தார். தொம்பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "இத்தனை சாமானை ஆருங்க கொண்டாரச் சொன்னது? ஊடு புடிக்கறதுக்கு முன்னாடி கணக்குப் போட வேண்டாமுங்களா?" என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "நீ போட்ட கணக்குத்தானே" என்றார்.

அவ்வளவுதான். வெற்றிலை மாற்றிய ஆளைத் திருடன் என்று சொல்ல வாய் வரவில்லை. யார் மேலாவது போட வேண்டும். பதினாலு வயதுப் பெண் எதிரே நின்றாள்.

அக்கா கயிற்றை எடுத்து நீட்டியிருக்கலாம். உயரத்துக்குப் போட்ட முடிச்சு அதில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அந்தக் கயிறு பிறகு கன்றுக்குட்டியின் கழுத்துக்குப் போனது.

அரசாங்க விடுதியில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. சின்னவள் இருக்கட்டும், பெரியவளுக்கு இனிக் கல்யாணம்தானே என்று என்னை அங்கே விட்டார்கள். அக்காவும் சின்னம்மாவும் மேலே போனார்கள். லாரியில் இடம் இல்லை என்று மேசை நின்றுவிட்டது. "அடுத்த வாட்டி எடுத்துக்கறேனுங்க" என்றார் அப்பா. அடுத்த வாட்டி அவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

மறு வருடம் அரையாண்டுப் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று நீ என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். உன் புத்தகமெல்லாம் ஒரு மேசை மேல் இருந்தது. நீளமாக, ஒல்லியாக, மஞ்சளாக. அகலமான கூடத்தின் நடுவே பைத்தியக்காரத்தனமாக நின்றது. "இது எங்க அக்காளுது" என்றேன்.

"வாடகைக்குப் பதிலா உங்கப்பா விட்டுட்டுப் போனது" என்றாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.

விழா முடிந்த வாரம் மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் கடையில் சாமான் வாங்கினால் மீதிச் சில்லறையை எண்ண மாட்டாள், பேத்தியிடம் கொடுத்துவிடுவாள். மகன் வீடு கட்டும்போது அடுப்பு எந்த மூலையில் வைக்கலாம் என்று கேட்டதற்கு, "என்னைக் கேக்காதே சாமி, எனக்குக் கணக்கு வராது" என்றாளாம். களத்தில் கதவுக்குக் கால் வட்டம் போட்டவள் சொன்ன வார்த்தை அது.

மேடையில் நடந்ததைச் சொன்னேன். மிளகைக் காய வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உயரத்தை மறந்துட்டோம்னா சொன்னா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் மிளகைத் துழாவினாள். "எனக்கும் அப்படித்தான் தோணிப்போச்சு கண்ணு. எங்கயோ நான்தான் ஒண்ணை விட்டுட்டேன்னு. இத்தனை வருசமா மனசுல அந்த ரூம்பை வரைஞ்சு வரைஞ்சு பார்ப்பேன். என்னத்தை விட்டேன்னு தெரியாது."

"நீ ஒண்ணையும் விடலை. பரண் இருந்துச்சு. நான் பார்த்தேன். அப்பா தொட்டாரு."

"நீ அப்போ சின்னப் புள்ள" என்றாள். நம்பவில்லை. நான் தங்கை, அவளுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

என் அப்பா இல்லை. உன் அப்பாவும் இல்லை. அந்த அறையில் அன்றைக்கு இருந்தவர்களில் மிச்சம் நீயும் நானும்தான். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீ சொன்னால் நம்புவாள்.

மன்னிப்பு எல்லாம் வேண்டாம். மேசையும் வேண்டாம், வைத்துக்கொள். தனியாக எனக்குப் போன் போட்டு அழவும் வேண்டாம். நான் எடுக்க மாட்டேன். எங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்த மேடையும் மைக்கும் அங்கேதான் இருக்கின்றன. அக்காவைக் கூட்டிவந்து முன் வரிசையில் உட்கார வைப்பது என் வேலை. நீ மேலே ஏறி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். முப்பது வருடம் கணக்கு நடத்தியவளுக்குப் பெரிய கேள்வி இல்லை.

கயிற்றின் கீழ் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தது நீ. மேல் நுனியை என் அப்பா எதில் வைத்துப் பிடித்திருந்தார்?